ஸ்பெயினில் குழுவாக ஓவியப் பயணம்: 66 வயதில் புதிதாகத் தொடங்கியவர் போகலாமா?

கேள்வி

வணக்கம். எனக்கு வயது 66. பணி ஓய்வுக்குப் பிறகுதான் நீர்வண்ண ஓவியம் பழகத் தொடங்கினேன். மேசை மேல் ஒரு கிண்ணத்தையும் சில எலுமிச்சம்பழங்களையும் வைத்துக்கொண்டு பொறுமையாக வரைந்தால் ஓரளவு உருவம் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு தெருவையோ மலைச்சரிவையோ நேரில் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து வரைந்த பழக்கம் எனக்கு இல்லை.

ஸ்பெயினின் தென்பகுதியான ஆண்டலூசியாவில் பத்துப் பன்னிரண்டு பேர் குழுவாக ஒரு வாரம் தங்கி, ஓர் ஓவிய ஆசிரியருடன் தினமும் வெளியே சென்று வரையும் பயணங்கள் நடப்பதாக அறிந்ததிலிருந்து அதே நினைவாக இருக்கிறேன். கிரனாடாவை அடுத்த மலைக் கிராமங்களுக்கு ஒரு குழுவும், ரோண்டா நகருக்கு இன்னொரு குழுவும் செல்கின்றன. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை.

என் தயக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக வரையத் தெரிந்தவர்கள் நடுவே நான் ஒரு சுமையாகிவிடுவேனோ என்ற எண்ணம் முதலாவது. எனக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் நடப்பேன், செங்குத்தான படிகளில் சிரமப்படுவேன். தனியாகத்தான் வரப்போகிறேன். சைவ உணவு மட்டுமே உண்பேன். எந்த மாதம் ஏற்றது, புறப்படுவதற்கு முன் என்ன பழகிக்கொள்ள வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் பதில்

அம்மாவுக்கு வணக்கம். ஓவியம் என் தொழில் அன்று. ஆனால் இத்தகைய குழுக்களுடன் ஆண்டலூசியாவுக்குச் சென்று வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் பார்த்த குழுக்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள்தாம், அவர்களில் பலர் அறுபதைக் கடந்தபின் தூரிகையை எடுத்தவர்கள். ஒவ்வொருவரும் தம் தாளோடுதான் மல்லுக்கு நிற்பார்கள். நீங்கள் மெதுவாக வரைவதால் அடுத்தவருடைய படம் தாமதமாவதில்லை. ஒருவர் மற்றவர்களைக் காக்க வைப்பது நடக்கும்போது மட்டும்தான் நேரும். ஆகவே உங்கள் திறமையைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு, தங்கும் இடத்திலிருந்து வரையும் இடம் எவ்வளவு தூரம், வழி ஏற்றமா சமதரையா, உட்கார நாற்காலி தருவார்களா என்பதை ஏற்பாட்டாளரிடம் துருவித் துருவிக் கேளுங்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும், வரையும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் களைத்துவிட்டால் அன்றைய காலைப் பொழுது வீண்.

அடுத்துக் கேட்க வேண்டியது, ஆசிரியர் தினமும் காலையில் அனைவர் முன்னிலையிலும் வரைந்து காட்டுவாரா என்பது. "எல்லா நிலையினருக்கும் ஏற்றது" என்று பெரும்பாலான விளம்பரங்கள் சொல்லும். சில இடங்களில் அதன் பொருள், ஆசிரியர் நிதானமாக ஒரு படத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து காட்டிவிட்டுப் பிறகு ஒவ்வொருவரிடமும் வந்து அமர்வார் என்பதாகும். வேறு சில இடங்களில், அவரவர் விருப்பப்படி வரையலாம், கேட்டால் மட்டும் ஆசிரியர் கருத்துச் சொல்வார் என்பதாகும். புதிதாகத் தொடங்கியவருக்கு முதல் வகைதான் வேண்டும்.

ஏன் என்பதற்கு நான் கண்ட ஒரு காலையைச் சொல்கிறேன். ஒன்பதரை மணி இருக்கும். வெயில் படும் ஒரு வெள்ளைச் சுவரின் முன் ஆசிரியர் அமர்ந்தார். கூரை விளிம்பு, கதவு, அதன் கீழ்ப் படி ஆகிய மூன்றை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு, உடனே எதிர்வீட்டின் நிழல் அந்தச் சுவரில் பாதி உயரம் வரை ஏறியிருந்த எல்லையைக் கோடாகக் கீறிவிட்டார். சன்னல் கம்பிகளையும் பூந்தொட்டிகளையும் வரைந்து முடித்தபின் நிழலுக்கு வரலாம் என்று மற்றவர்கள் நினைத்திருந்தோம். பதினொன்றரைக்கெல்லாம் அந்த நிழல் சுவரை விட்டு இறங்கிப் படியருகே ஒரு பட்டையாகச் சுருங்கிவிட்டது. அவருடைய தாளில் மட்டும் ஒன்பதரை மணி அப்படியே நின்றிருந்தது. இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் மறுநாள் எல்லோரும் நிழலைத்தான் முதலில் குறித்தார்கள்.

இடத்தைப் பற்றி: கிரனாடாவுக்குத் தெற்கே, சியரா நெவாடா மலையின் தென்சரிவில் உள்ள அல்புஹாரா பகுதியைத்தான் நீங்கள் மலைக் கிராமங்கள் என்று குறிப்பிடுகிறீர்கள் என நினைக்கிறேன். போகேய்ரா பள்ளத்தாக்கின் விளிம்பில் பம்பனேய்ரா, புபியோன், கபிலேய்ரா என மூன்று ஊர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. கபிலேய்ரா ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேல் உள்ளது. சாம்பல் நிற மண் பரப்பிய தட்டைக் கூரைகளும், உருண்டைப் புகைபோக்கிகளும், வீட்டின் ஒரு பகுதி தெருவுக்கு மேலே நீண்டு கூரைபோல் அமைந்த நிழல் வழிகளும் ஓவியருக்குப் பெரும் கொடை. ஆனால் அங்கே சமதரையான தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கிரனாடா நகரின் பழைய பகுதியான அல்பைசினும் கூழாங்கல் பதித்த ஏற்றம்தான். அங்கே சிறு பேருந்துகள் ஓடுவதால் சான் நிகோலாஸ் திடல் வரை ஏறாமலே போய்விடலாம். அங்கிருந்து பார்த்தால் காலைச் சூரியன் அல்ஹம்ப்ரா கோட்டையின் பின்பக்கவாட்டில் நிற்பதால், கோட்டை முழுவதும் நுணுக்கங்கள் மறைந்து ஒரே நிழல் உருவாகத் தெரியும். தொடக்க நிலையினர் வரைவதற்கு மாலைக் காட்சியை விட அதுவே எளிது. மாலையில் கூட்டமும் தாங்காது.

உங்கள் முழங்காலை மனத்தில் கொண்டு நான் ரோண்டாவைச் சொல்வேன். ஊர் ஒரு மேட்டுச் சமவெளியின் மேல் அமைந்திருப்பதால் நடுப்பகுதியில் ஏற்ற இறக்கம் குறைவு. மலை விளிம்பில் உள்ள அலமேதா தெல் தாஹோ பூங்காவில் மர நிழலும் இருக்கைகளும் உண்டு. கம்பித் தடுப்பருகே அமர்ந்தால் கீழே வயல்களும் அப்பால் மலைத்தொடர்களும் வரிசை வரிசையாக வெளிறிக்கொண்டே போவதைக் காணலாம். 1793-இல் கட்டி முடிக்கப்பட்ட, ஏறத்தாழ 98 மீட்டர் உயரமுள்ள புவென்டே நுவேவோ பாலத்தைக் கீழிருந்து வரைய வேண்டும் என்று சில ஆசிரியர்கள் குழுவைப் பள்ளத்துக்கு இறக்கிச் செல்வார்கள். அந்தப் பாதை செங்குத்தானது. அன்று நீங்கள் மேலேயே பூங்காவில் இருந்து வரைய ஏற்பாடு உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பதில்

வணக்கம் அம்மா. நான் நீர்வண்ணம் கற்பிப்பவள். வயதில் மூத்த மாணவர்கள் என்னிடம் நிறையப் பேர் உள்ளனர். பயண ஏற்பாடுகளை மற்றவர்கள் சொல்வார்கள், வரைவதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

புதியவர்களுக்குத் தென்ஸ்பெயினின் வெளிச்சம் கடினமானது என்று பலர் அஞ்சுகிறார்கள். நான் அதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். மேகமூட்டமான நாடுகளில் ஒரு வீட்டின் மூன்று பக்கங்களும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். எது ஒளி, எது நிழல் என்று பிரித்துக் காண்பதற்கே பழகிய கண் வேண்டும். ஆண்டலூசிய வெயிலிலோ ஒளியும் நிழலும் கத்தரித்து ஒட்டியதுபோல் தனித்தனியே நிற்கும். கண்ணைச் சற்று இடுக்கிப் பார்த்தால் வானம், வெயில் படும் சுவர், நிழல் என மூன்றே வடிவங்களாகக் காட்சி சுருங்கிவிடும். வெயில் படும் சுவருக்கு வண்ணமே தேவையில்லை, தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிடலாம். பாதிப் படம் அதிலேயே முடிந்துவிடுகிறது.

நிழலைக் கறுப்பு வண்ணத்தால் பூசாதீர்கள். வெள்ளைச் சுவரின் நிழலில் வானத்தின் நீலமும், வெயில் பட்ட தரையிலிருந்து எழும் இளஞ்சூடான மஞ்சளும் கலந்திருக்கும். அல்ட்ராமரின் நீலத்துடன் சிறிது பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணம் சேர்த்தாலே நல்ல சாம்பல் கிடைக்கும். நிழலின் மேற்பகுதியில் நீலத்தைக் கூட்டியும், தரையை நெருங்கும் இடத்தில் யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளைத் தொட்டு வைத்தும் பாருங்கள், சுவர் உயிர் பெறும். வலென்சியாவில் 1863-இல் பிறந்த ஓவியர் ஹோவாகின் சொரோயா, கடற்கரையின் வெள்ளை ஆடைகளையும் படகுப் பாய்களையும் நீலம், ஊதா நிழல்களைக் கொண்டே வெண்மையாகத் தோன்றச் செய்தவர். மாட்ரிட் வழியாகப் போவதானால் பிராடோ அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியங்களைப் பாருங்கள். நாளின் கடைசி இரண்டு மணி நேரம் அங்கே நுழைவு இலவசம். அவர் வாழ்ந்த வீடே அருங்காட்சியகமாக மாட்ரிட்டில் உள்ளது, ஆனால் விரிவாக்கப் பணிக்காக 2024 அக்டோபரில் மூடப்பட்டது என்பதால் திறந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு செல்லுங்கள்.

இப்போது கண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் மூத்தவர்களுக்கான குறிப்புகளில் இது விடுபட்டே போகிறது. வெள்ளைத் தாளில் நேர் வெயில் பட்டால் கண் கூசும். அதோடு, அந்தப் பளிச்சிடலில் வண்ணங்கள் உள்ளதை விட ஒளிமிக்கவையாகத் தோன்றுவதால் நாம் மேலும் மேலும் அடர்த்தியாகப் பூசிக்கொண்டே போவோம். அறைக்குத் திரும்பிப் பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். காட்சி வெயிலில் இருக்கலாம், நீங்களும் உங்கள் தாளும் நிழலில் இருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி அணிந்து வரைந்தால் நிறங்கள் மாறித் தெரியும், அதற்குப் பதில் அகன்ற விளிம்புள்ள தொப்பியே நல்லது. இரு பார்வைக் கண்ணாடி அணிபவராக இருந்தால், தாளை மடியில் வைக்காமல் சற்று உயர்த்திச் சாய்த்து வைத்துப் பழகுங்கள். மலையையும் தாளையும் மாறி மாறிப் பார்க்கும்போது கழுத்து குனிந்து நிமிர்வது பெரிதும் குறையும். கண்புரை தொடங்கியிருந்தால் விழிவில்லை மஞ்சளிப்பதால் நீலங்கள் மங்கித் தெரியும். ஓவியர் குளோது மோனேயே இதனால் அவதிப்பட்டு 1923-இல் அறுவை செய்துகொண்டார். புறப்படுவதற்கு முன் கண் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அங்கே காற்று உலர்ந்தது. வீட்டுக்குள் நிதானமாகப் பரப்பும் வண்ணம் அங்கே தாளின் மறுமுனைக்குப் போவதற்குள் காய்ந்து விளிம்பு கட்டிவிடும். ஆகவே பெரிய தாள் வேண்டாம். ஏ4 அளவுக்கு மேற்படாத, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாள் போதும். தேவைப்படும் என்று நினைப்பதை விட இரு மடங்கு வண்ணத்தை முதலிலேயே கரைத்து வைத்துக்கொண்டு, பருத்த தூரிகையால் ஒரே மூச்சில் பரப்புங்கள். பருத்த காம்பு விரல் மூட்டுகளுக்கும் இதமாக இருக்கும்.

புறப்படுமுன் பழகுவதற்கு ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரு வெள்ளை அட்டைப் பெட்டியை மேசை விளக்கின் அருகே வைத்து, அதன் நிழல் பக்கத்தையும் மேசையில் விழும் நிழலையும் மட்டும் வரையுங்கள். ஒளி படும் பக்கத்துக்குக் கோடு கூடப் போடாதீர்கள். பிறகு விளக்கை நகர்த்திவிட்டு மீண்டும் வரையுங்கள். அந்தப் பெட்டிக்கு ஒரு கதவும் சன்னலும் வைத்தால் அதுதான் அந்த ஊர் வீடு.

மூன்றாம் பதில்

வணக்கம். மாதம், விசா, பணம், உணவு ஆகியவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன்.

சூலை, ஆகஸ்டு மாதங்களில் செவில், கோர்டோபா ஆகிய ஊர்களில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கம், எனவே அந்த மாதங்களை மறந்துவிடுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஊர்வலங்களால் தெருக்களும் விடுதிகளும் நிரம்பிவிடும். மே மாதம் பூக்களின் காலம், ஆனால் கூட்டமும் மிகுதி. என் விருப்பம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. அப்போது சூரியன் கோடையைப் போல் உச்சிக்கு ஏறுவதில்லை, நிழல்கள் நாள் முழுவதும் ஓரளவு நீண்டே இருக்கும், வெளியில் அமர்வதும் துன்பமாக இராது. இரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரிவதற்கோ மாத்திரை எடுத்துக்கொள்பவர் என்றால், வெயிலில் அமர்வது குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு, ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்குக் குறையாமல் முன்னதாக விண்ணப்பித்தாக வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். 2024 சூனிலிருந்து பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 90 யூரோ. காப்பீட்டு விண்ணப்பத்தில் முழங்கால் சிகிச்சை உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள், மறைத்தால் பிறகு இழப்பீடு மறுக்கப்படலாம்.

பணம் கட்டுவதில் ஒரு வரிசை இருக்கிறது. இத்தகைய குழுப் பயணங்களுக்குக் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை உண்டு; அது சேராவிட்டால் ஏற்பாட்டாளர் பயணத்தையே ரத்து செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தொகுப்புப் பயண விதிகளின்படி, ஆறு நாட்களுக்கு மேற்பட்ட பயணமானால் குறைந்தது இருபது நாட்களுக்கு முன்பே அதை அறிவித்து, கட்டிய தொகையை முழுவதும் திருப்பித் தர வேண்டும். நீங்கள் தனியாக வாங்கிய விமானச் சீட்டுக்கு அவர் பொறுப்பில்லை. ஆதலால் பயணம் நடப்பது உறுதி என்று எழுத்து வடிவில் வந்தபின், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் சீட்டாகப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. தனியாக வருபவரிடம் தனி அறைக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். விளம்பர விலையில் அது சேர்ந்திருக்காது என்பதால் முதலிலேயே கேளுங்கள். விமானத்துக்கு மாலாகா வசதி. அங்கிருந்து ரோண்டாவுக்குச் சாலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ரயிலில் போவதானால், 60 வயது கடந்தவர்களுக்கு ஸ்பெயின் ரயில்வே தரும் சலுகை அட்டையைப் பற்றி விசாரித்துப் பாருங்கள்.

நீர்வண்ணக் கட்டிகளைக் கைப்பையில் எடுத்துச் செல்வதில் தடையில்லை, டியூபுகளானால் திரவ விதியின் 100 மில்லி வரம்புக்குள் இருக்க வேண்டும். பென்சில் சீவும் கத்தியைப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். டர்பன்டைன் போன்ற கரைப்பான்களை எந்தப் பெட்டியிலும் கொண்டுபோகக் கூடாது.

சைவ உணவுக்கு எச்சரிக்கை தேவை. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், காய்கறித் தட்டில் பன்றி இறைச்சித் துண்டுகளோ சூரை மீனோ தூவி வரக்கூடும். இறைச்சி, ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை இறைச்சி), மீன் மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். முட்டை உண்ணமாட்டீர்கள் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவது, கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைப்பது, தக்காளியில் செய்யும் குளிர்ந்த கஸ்பாச்சோ ஆகியவை உங்களுக்கு ஏற்றவை. மதிய உணவு இரண்டு மணிக்கும் இரவு உணவு ஒன்பது மணிக்கும்தான் தொடங்கும். சீக்கிரம் உண்டு பழகியவர்கள் கையில் ஏதாவது வைத்திருப்பது நல்லது. மதியம் ஊரே ஓய்வெடுக்கும் நேரத்தில் நீங்களும் அறையில் படுத்துவிடுங்கள். மாலை வெயில் தணிந்தபின் மீண்டும் வரைய அது உதவும்.

கேள்வி கேட்டவர்

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய அனைவருக்கும் நன்றி. ரோண்டா, அக்டோபர் முதல் வாரம் என்று மனம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது. அட்டைப் பெட்டியையும் மேசை விளக்கையும் இன்றே எடுத்து வைத்துவிட்டேன். ஒன்றுதான் பாக்கி. தினமும் மாலையில் எல்லோருடைய படங்களையும் வரிசையாக வைத்து ஆசிரியர் கருத்துக் கூறுவார் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. முடிக்காத படத்தையும் கெட்டுப்போன படத்தையும் பலர் முன் வைப்பதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அதிலிருந்து விலகிக்கொள்வது மரியாதைக் குறைவாகுமா?

முதல் பதில் எழுதியவர்

விலகிக்கொள்ளலாம் அம்மா, யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் படத்தை வைக்காவிட்டாலும் அங்கே அமர்ந்து கேட்பதை விட்டுவிடாதீர்கள். ஒரே சுவரைப் பத்துப் பேர் பத்து விதமாகப் பார்த்திருப்பது அந்த ஒரு நேரத்தில்தான் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும்; ஒருவர் நிழலை வெளிறவிட்டிருப்பார், இன்னொருவர் சன்னல்களை எண்ணி எண்ணி வரைந்து சுவரைத் தொலைத்திருப்பார், ஆசிரியர் இரண்டையும் அருகருகே வைத்துப் பேசும்போது நமக்கு எளிதில் விளங்கும். தனியாக வருபவர்களுக்கு மற்றவர்களோடு பேச்சுத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த மாலை நேரத்தில்தான்.

உங்கள் படத்தை வைக்கத் துணிந்தால், ஆசிரியரிடம் பொதுவான கருத்தைக் கேட்காமல், குறிப்பாக ஒரு கேள்வியை முன்வையுங்கள். "இந்தப் படியின் நிழல் மிதப்பதுபோல் தெரிகிறது, ஏன்?" என்று கேட்டால் பேச்சு அந்தப் படியோடு நிற்கும். நிறைய ஆசிரியர்கள் இப்படிக் கேட்பவரிடம் கூடுதல் நேரம் செலவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பதிவுப் படிவம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் நான்கைச் சேர்த்து எழுதிவிடுங்கள்: தொடக்க நிலை, முழங்கால் வலி, முதுகுச் சாய்வுள்ள நாற்காலி தேவை, சைவ உணவு. ஒவ்வொரு நாளும் குழு வரையும் இடத்தின் நிழற்படம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். பாலத்தின் அடிப்பகுதிக்கு இறங்கும் நாள் எது என்பதை அவர்கள் எழுத்தில் தெரிவித்தபின் முன்பணம் அனுப்பினால் போதும்.